பின்சீட்டுப் பேச்சு

எங்க வீட்டுக்காரக வண்டியோட மட்கார்டுக்கு அடியில விரலை விட்டுத் தடவுறாக. மேல பளபளன்னு இருக்கிறதை எவன் நம்புவான், துரு எப்பவும் அடியிலதான் குடியிருக்கும்னு இவுக கட்சி. விரலை வெளிய எடுத்து வெயில்ல திருப்பித் திருப்பிப் பாக்குறாக, மோந்துகூடப் பாத்துட்டாக, மாதாவே, மீன் வாங்கப் போனாலும் இப்படித்தான், செவுளைத் தூக்கி, மோந்து, வயித்தை அமுக்கி, கடைசியில மீன்காரி "அண்ணாச்சி, வாங்குறீயளா இல்ல முத்தம் குடுக்கிறீயளா"ன்னு கேக்குற வரைக்கும் விட மாட்டாக. "மதுரை வண்டிதான் ஹில்டா, சந்தேகமே இல்ல. நம்ம தூத்துக்குடிக் காத்துல ஒரு வருசம் நின்னிருந்தா இந்த இடம் சொறி புடிச்சுப் போயிருக்கும்." சரி, மதுரை வண்டி. மதுரையில கடல் இல்ல, காத்துல உப்பு இல்ல, குரோமியம் கண்ணாடியா இருக்கு, என் மூஞ்சி அதுல அகலமா தெரியுது, ஏற்கெனவே அகலம்தான், இது இன்னும் கொஞ்சம் இழுத்துக் காட்டுது. இந்தப் பழைய பைக் கடைக்கு நாங்க வந்த நேரத்துக்கு ஒரு கிரிக்கெட் மேட்ச் ஆடி முடிச்சிருக்கலாம். தகரக் கொட்டகை, மேல வெயில், கீழ கிரீஸ் வாடை, எனக்குன்னு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் ஆடுது. வண்டி காட்டுற பொண்ணு பேரு சுபத்ரா, பொறுமைசாலி, நானா இருந்தா இவுக கேக்குற கேள்விக்கு இந்நேரம் சாவியைத் தூக்கி எறிஞ்சிருப்பேன். மூணு வண்டி ஒதுக்கி வச்சிருக்காக, மூணும் அந்தக் காலை நீட்டி உக்காந்து ஓட்டுற சாதி. முதல் வண்டி கறுப்பு, கைப்பிடி ரொம்பத் தள்ளியிருக்கு, எட்டிப் புடிச்சா இவுக தோள்பட்டை இழுக்கும், பின்சீட்டு ஒரு பிஸ்கட் அகலம், அதுல என்னை உக்கார வைக்கணும்னா பாதி ஹில்டாவை வீட்டுல விட்டுட்டு வரணும். ரெண்டாவது சிவப்பு, சீட்டு பரவாயில்ல, ஆனா சைலன்சர் என் கெண்டைக்காலை உரசிட்டுப் போகுது, சேலை கட்டுறவளுக்கு அது அடுப்பு மேல கால் வைக்கிற கதை. மூணாவதுதான் இந்த மதுரைக்காரன். தடிச்ச மெத்தை சீட்டு, கால் வைக்கப் பலகை, பின்னால எனக்கு முதுகுச் சாய்மானம், அதுக்கும் குரோமியத்துல வளையம். "இது வண்டி இல்லம்மா, சோபா"ன்னு சுபத்ரா சொல்லுது. அதுக்குத்தான் எனக்குப் பயமா இருக்கு.

இவுக அதுல ஏறி உக்காந்தாக. கால் ரெண்டையும் முன்னால நீட்டினாக, கை தானா கைப்பிடியில போய் விழுந்துது, முதுகு கொஞ்சம் வளைஞ்சு தளர்ந்துது, "ஆஹா"ன்னாக, கண்ணை மூடினாக. ஒரு நொடிதான். நான் நாற்காலியை விட்டு எந்திரிச்சிட்டேன். சுபத்ரா சிரிச்சுது, அதுக்கு என்ன தெரியும். இவுகளுக்கு எங்க உக்காந்தாலும் தூக்கம் வரும்ங்கிறது எங்க குடும்பத்துல பெரிய நகைச்சுவை. முடிவெட்டுற நாற்காலியில தூங்கி ஒரு பக்கத்து மீசை போயிருக்கு. மக ஜெனிட்டாவுக்கு நிச்சயம் பேசுற அன்னைக்கு, சம்பந்திக்காரர் எதிர்ல உக்காந்து பேசிட்டிருக்கும்போதே தலை தொங்கிட்டு, அவர் இவுக ஏதோ ஜெபம் பண்றாகன்னு நினைச்சு தானும் எந்திரிச்சு நின்னாரு. பிரசங்க நேரத்துல சாமியாரே பேச்சை நிறுத்தி "ரெமிஜியுஸ் அண்ணன் எந்திரிச்ச பிறகு தொடருவோம்"னு சொல்லி கோயிலே சிரிச்சுது, நானும் சிரிச்சேன். ராத்திரி குறட்டை இருக்கே, லாரி ஏறி வர்ற மாதிரி, எனக்கு அது பழகிப் போச்சு, அந்தச் சத்தத்துல தூங்குறதே ஒரு சுகம். சத்தம் நிக்கும்போதுதான் முழிச்சுக்கிடுவேன். நடுவுல பட்டுன்னு நிக்கும். மூச்சும் நிக்கும். நான் இருட்டுல கண்ணை முழிச்சிட்டுக் கெடப்பேன், அருள் நிறைந்த மரியேன்னு ஆரம்பிப்பேன், பாதி வர்றதுக்குள்ள தண்ணிக்குள்ள இருந்து மேல வந்தவன் மாதிரி ஒரு இழு இழுத்து மறுபடி லாரி கிளம்பும். மஸ்கட்டுல நர்சா இருக்கிற ஜெனிட்டாகிட்ட சொன்னேன். "அம்மா, இது சிரிக்கிற விசயம் இல்ல, அப்பாவுக்கு ராத்திரி தூக்கமே தூக்கமா இல்ல, அதான் பகல்ல விழுறாங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ"ன்னா. கூட்டிட்டுப் போறதாம்ல. இவுகளை. சளிக்கு ஒரு மாத்திரை வாங்கவே நான் மாதாவுக்கு நேர்ந்துக்கிடணும்.

தவக்காலத்து ஞாயிறு அன்னைக்கு. கன்டெய்னர் யார்டுல ராத்திரி ஷிப்டு முடிஞ்சு, இவுக ஓட்டுற கிரேனை விட்டு இறங்கி, வீட்டுல தலைக்குத் தண்ணி ஊத்திட்டு, ஒரு பொட்டுத் தூங்காம என்னைப் பின்னால ஏத்திட்டு முதல் பூசைக்கு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து இப்படித்தான், ராத்திரி ஷிப்டுக்குப் பிறகு முதல் பூசை, பூசைக்குப் பிறகு உப்பளத்து ரோடு வழியா ஒரு சுத்து, பிறகுதான் படுக்கை. யார் போட்ட சட்டமோ தெரியல. பின்னால உக்காந்தா நான் பேசிட்டே வருவேன். வாய் ஓயாது. "ஏட்டி, உனக்குப் பெட்ரோல் யார் போடுறா"ன்னு கேப்பாக. ஆனா அன்னைக்கு நான் பேசல. முந்தின நாள்தான் கடைவாய்ப் பல்லைப் புடுங்கி, வாய் நிறையப் பஞ்சு. பாத்தி பாத்தியா தண்ணி, வெள்ளை வெள்ளையா உப்புக் குவியல், ரோட்டுல ஒரு நாய்கூடக் கிடையாது. எனக்கு முன்னால இவுக ஹெல்மெட்டு மெதுவா, ரொம்ப மெதுவா, இடது பக்கம் சாஞ்சுது. ஏதோ கீழ பாக்குறாகன்னு நினைச்சேன். அதுக்குள்ள வண்டி ரோட்டை விட்டு இறங்கிட்டு. எனக்குக் காறை எலும்பு உடைஞ்சுது, இவுகளுக்கு முழங்கை சிராய்ப்பு, வண்டி மட்டும் உப்புத்தண்ணி வாய்க்கால்ல தலைகுப்புற. எந்திரிச்சதும் இவுக சொன்ன முதல் வார்த்தை "சவத்தெழவு, லாரிக்காரன் உப்பைச் சிந்திட்டுப் போயிருக்கான், வழுக்கிட்டு." ரோட்டுல உப்பு இல்ல. நான் பாத்தேன். தார் சுத்தமா, ஈரம்கூட இல்லாமக் கெடந்துது. வாயில பஞ்சு, தோள்ல உசிர் போற வலி, நான் என்னத்தச் சொல்ல. ஆஸ்பத்திரியில கேட்டவகளுக்கும் உப்பு, ஜெனிட்டாவுக்கும் உப்பு, தெருவுல விசாரிச்சவகளுக்கும் உப்பு. சொல்லச் சொல்ல அந்த உப்பு கூடிட்டே போயி, இப்ப ஒரு லோடு அளவுக்கு ரோட்டுல கெடக்கு.

அந்த வண்டிக்கு இவுக செஞ்ச சேவகம் எனக்கு யாரும் செய்யல. குரோமியத்துல உப்புக்காத்து படக்கூடாதுன்னு தினம் போர் தண்ணியைப் பீச்சிக் கழுவுவாக. எங்க ஊர் போர் தண்ணியை நாக்குல வச்சா ஊறுகாய் தேவையில்ல. உப்பைக் கழுவ உப்புத்தண்ணி! ரெண்டு வருசம் கழிச்சுப் பொட்டுப் பொட்டா குரோமியம் பொரிஞ்சு வந்த பிறகுதான் புத்தி வந்துது. அப்புறம் என் குடிதண்ணிக் கேன்ல கை வச்சாக. கழுவி, பழைய வேட்டியால ஈரம் போகத் துடைச்சு, மெழுகு தேய்ச்சு. பிளாஸ்டிக் உறை போட்டாக, உள்ள வேர்த்து வழிஞ்சு அதுவும் கெடுதல், அப்புறம் பருத்தித் துணியை என்னையவே தைக்கச் சொன்னாக. தைச்சேன். அவ்வளவும் அந்த வாய்க்கால்ல ஒரு காலைப்பொழுதுல போச்சு. தூக்கிக் கொண்டாந்து நிறுத்தினபோது நல்லாத்தான் இருந்துது, ஒரு வாரத்துல தோல் உரிஞ்ச மாதிரி ஆகிட்டு. நான் கையைக் கட்டித் தொங்கப் போட்டுட்டு வாசல்ல உக்காந்திருந்தேன், இவுக அலுமினியத் தாளைச் சுருட்டித் தண்ணி தொட்டுத் தேய்ச்சுக்கிட்டே இருந்தாக. என்னைப் பாக்கல. "நல்ல வண்டியா இருந்தா விழுந்திருக்காதுட்டி. சீட்டு சரியில்ல, முதுகு நோவுது, கவனம் சிதறுது. சொகுசான வண்டி வாங்குவோம்." அன்னைக்கு ஆரம்பிச்சது இந்தச் சொகுசுப் பைத்தியம். அஞ்சு மாசமா போனுல பாக்குறது பூராவும் அதுதான், எந்த சீட்டுல எவ்வளவு மெத்தை, எந்த வண்டி குலுக்காது. குலுக்குன வண்டியிலயே தூங்குனவுக, குலுக்காத வண்டியில என்ன செய்வாக? இதை நான் யார்கிட்ட கேக்க? இவுககிட்டத்தான் கேக்கணும். இன்னைக்கு அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னால கேட்டாகணும். கேட்டா டாக்டர், டாக்டர்னா ஒரு சர்டிபிகேட்டு, அதைக் காட்டுனா யார்டுல இவுகளைக் கிரேன்ல ஏத்த மாட்டான். அந்த உசரத்துல தனியா உக்காந்து பெட்டி பெட்டியா அடுக்குறதுல இவுகளுக்கு ஒரு ராஜா நினைப்பு. கீழ இறக்கி வாசல் கேட்டுல காவலுக்கு உக்கார வச்சா இவுக இருப்பாகளா. கேக்காம விட்டா எங்க இருப்பாக. இப்படியே சுத்திச் சுத்தி வர்றேன், சுபத்ரா குடுத்த காபியும் ஆறிட்டு, அதுல ஒரு எறும்பு வேற.

"ஓட்டிப் பாத்துட்டு வாங்க சார், அம்மாவையும் ஏத்திட்டுப் போங்க, பின்னால உக்காந்து பாத்தாத்தானே தெரியும்"னுது சுபத்ரா. இவுக என்னைப் பாத்தாக. விழுந்ததுக்குப் பிறகு நான் எந்த வண்டிக்குப் பின்னாலயும் உக்காரல, கோயிலுக்குக்கூட ஆட்டோதான். அந்தப் பார்வையில ஒரு கெஞ்சல் இருந்துது, மனுசன் வாய் திறந்து கேக்க மாட்டாக, ஆனா கண்ணுல வச்சுக் கேக்குறாக, வாட்டி, ஒரு தடவை வா. ஹெல்மெட்டை மாட்டி, சேலையைச் சொருகி, ஏறினேன். ஐயோ, என்ன சொகுசு! பொய் சொல்லக் கூடாது. முதுகுக்கு மெத்தை, காலுக்குப் பலகை, ரோட்டுல பள்ளம் வந்தது கண்ணுக்குத்தான் தெரியுது, இடுப்புக்குத் தெரியல. காத்து முகத்துல அடிக்குது, இவுக சட்டையில சோப்பு வாசம், இந்த முதுகை இவ்வளவு பக்கத்துல பாத்து எத்தனை நாளாச்சு, காலர்ல ஒரு நூல் பிரிஞ்சு நிக்குது, வீட்டுக்குப் போய்த் தைக்கணும். சந்தோசமா இருந்துது எனக்கு, அதையும் சொல்லிடுறேன். பயமும் இருந்துது. ரெண்டும் ஒண்ணாவே இருந்துது. பேச ஆரம்பிச்சேன். அந்தா பாருங்க தெர்மல் பவர் ஸ்டேசன் புகை, இந்தக் கடையில பூந்தியில நெய் வாசமே இல்ல, உங்க தங்கச்சி வீட்டுல இன்னும் அந்தப் பழைய பிரிட்ஜுதான் வச்சிருக்காளா, ஜெனிட்டா பிள்ளைக்குப் பல் முளைக்குதாம். "உம்"னாக. "உம்." ஒவ்வொரு உம்முக்கும் நான் ஒரு மூச்சு விட்டேன். இடுப்புல ஒரு கிள்ளு கிள்ளினேன். "ஏட்டி, கூசுது!" நல்லது, கூசட்டும்.

ரயில்வே கேட்டு போட்டிருந்துது. வரிசையில போய் நின்னோம், இவுக ஒரு காலை ஊனினாக, இஞ்சின் அணையாம அடிவயித்துல மெல்லிசா உறுமிட்டு இருந்துது. தொட்டில்ல போட்டு ஆட்டுற மாதிரிதான். எங்களுக்கு முன்னால ஒரு மினி பஸ், பின்னால ஒரு டிப்பர் லாரி. ஒருத்தி பலாச்சுளை வித்துட்டு ஒவ்வொரு வண்டியா வந்தா. வெயில் வண்டியோட பக்கக் கண்ணாடியில பட்டுத் தெறிச்சு என் கண்ணுல அடிச்சுது. "பலாப்பழம் வாங்குவோமா"ன்னு கேட்டேன். உம் வரல. "உங்களைத்தான்." எனக்கு முன்னால அந்த ஹெல்மெட்டு மெதுவா இடது பக்கம் சாஞ்சுது. பட்டப்பகல். ராத்திரி ஷிப்டு இல்ல, நேத்து லீவு, காலையில எட்டு இட்லி தின்னுட்டு வந்த மனுசன். கால் ஊனினபடியே இருக்கு, கை கைப்பிடியிலயே இருக்கு, ஆள் இல்ல. நான் கத்தல. என்னவோ தெரியல, கத்தத் தோணல, அந்த முதுகை அப்படியே ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டேன். ரயில் போச்சு, பெட்டி பெட்டியா, அவ்வளவு சத்தத்துக்கும் எந்திரிக்கல. கேட்டு தூக்குனதும் பின்னால டிப்பர்காரன் ஆரனை அமுக்குனான் பாருங்க, உடம்பு தூக்கிப்போட்டு முழிச்சு, கியரைப் போட்டு, தண்டவாளத்தைத் தாண்டி, ஒண்ணுமே நடக்காத மாதிரி "பாத்தியா, நின்னா நின்ன மாதிரி எவ்வளவு சொகுசு"ன்னாக.

"ஓரமா நிறுத்துங்க"ன்னேன். "ஏன், சேலை மாட்டிட்டா?" "நிறுத்துங்கன்னா நிறுத்துங்க." ஒரு வேப்ப மரத்தடியில நிறுத்தினாக. நான் இறங்கினேன். ஹெல்மெட்டைக் கழட்டினேன். எப்படி ஆரம்பிக்கணும்னு அஞ்சு மாசம் யோசிச்சு வச்சதெல்லாம் எங்க போச்சோ. "அன்னைக்கு ரோட்டுல உப்பு இல்ல"ன்னேன். "நீங்க தூங்கிட்டீக. இப்பவும் கேட்டுல தூங்குனீக." கோவப்படுவாகன்னு நினைச்சேன். இவுக ஹெல்மெட்டைக் கழட்டி டேங்க் மேல வச்சாக. தலைமுடியெல்லாம் வேர்வையில ஒட்டிக் கெடந்துது. பிறகு என்னைப் பாக்காம சொன்னாக: "போன மாசம் கிரேன்ல. பெட்டி அந்தரத்துல தொங்குது. கண்ணைத் திறக்கேன், கீழ நம்ம பயலுக ரெண்டு பேரு கையை ஆட்டி ஆட்டிக் கத்துறானுக. எவ்வளவு நேரம் கத்துனானுகளோ." "ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை..." "சொல்லி? கீழ எறக்கிடுவான்லா. அப்புறம் நான் என்னட்டி செய்வேன், வீட்டுல உக்காந்து உன் வாயைப் பாத்துட்டு இருக்கவா?" "பாருங்க. என் வாய்க்கு என்ன குறை"ன்னேன். இவுக உப்புன்னு சொன்னது எனக்கு மட்டும் இல்ல, தனக்கும் சேத்துத்தான்னு அப்பத்தான் விளங்குச்சு. விளங்காம இத்தனை நாள் என்ன குடும்பம் நடத்துனேனோ.

"சரி ஏறு, மெதுவாப் போவோம், நீ பேசிட்டே வா"ன்னாக. மாட்டேன்னேன். சாவியைப் புடுங்கி முந்தியில முடிஞ்சுக்கிட்டேன். கடைக்குத் தள்ளிட்டே போவோம்னேன். இவுக என்னை ஒரு பைத்தியத்தைப் பாக்குற மாதிரி பாத்தாக, பிறகு கைப்பிடியைப் புடிச்சாக, நான் அந்தக் குரோமிய வளையத்தைப் புடிச்சுத் தள்ளினேன், நல்ல தோளாலதான். சொகுசு வண்டின்னா சும்மா இல்ல, எருமைக் கனம். தள்ளத் தள்ளத்தான் தெரியுது. எங்க ஊர்ல எவனாவது வண்டியைத் தள்ளிட்டுப் போனா விட்டுட்டுப் போக மாட்டானுக, நல்ல ஊர், அதுல குறையில்ல. ஒரு பால்காரர் நிறுத்தி "பெட்ரோல் தீந்துட்டா அண்ணாச்சி? உக்காருங்க, காலால தள்ளி பங்க் வரைக்கும் விட்டுடுதேன்"னாரு. "வேண்டாம் தம்பி, பக்கத்துலதான்"னாக இவுக. இன்னொருத்தன் பிளக்கைக் கழட்டித் துடைக்கச் சொன்னான். "ஆமா, பிளக்குதான்"னாக. பிளக்காம். மூணாவது ஆள் எங்க கோயில்காரரு, "என்ன ரெமிஜியுஸ், வண்டி மக்கர் பண்ணுதா"ன்னு வண்டியை விட்டு இறங்கியே வந்துட்டாரு. இவுக வாயைத் திறந்தாக, மூடினாக, "லேசா"ன்னாக. வேர்வை கண்ணுல வழிஞ்சுது, இவுக முழங்கையும் என் முழங்கையும் இடிச்சுக்கிட்டே வந்துது, வாயில பஞ்சு இல்லாமலே முதல் தடவையா பேசாம வந்தேன், இவுக முழிச்சுத்தான் இருந்தாக. கடை வாசல்ல சுபத்ரா எங்களைப் பாத்ததும் பதறி ஓடி வந்துது. மெக்கானிக்கைக் கூப்பிட்டுது, உள்ள இருந்து முதலாளியும் எட்டிப் பாத்தாரு, நாலு பேரு கூடிட்டாக. "சாரி சார், காலையிலதான் செக் பண்ணோம். வண்டி நின்னுருச்சா சார்? என்ன பிரச்சனை?" இவுக ஸ்டாண்டைப் போட்டாக. கைக்குட்டையால முகத்தைத் துடைச்சாக. எல்லாருக்கும் கேக்குற மாதிரி, பூசையில வாசகம் வாசிக்கிற குரல்ல சொன்னாக: "வண்டியில ஒரு பிரச்சனையும் இல்லம்மா. ஓட்டும்போது எனக்குத் தூக்கம் வருது."